காட்டைக் காப்பதா, ஆட்களை விடுவதா? மோஹாங்க் மலையில் இரண்டும் நடக்கிற கதை

நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் நியூ பால்ட்ஸ் என்று ஒரு சிற்றூர் வரும். அதற்கு மேற்கே, வயல்வெளியைத் தாண்டி, வெள்ளையாக ஒரு நீளமான பாறைச்சுவர் தெரியும். அதுதான் ஷவாங்கங்க் மலைத்தொடர். பாறை ஏறுகிறவர்கள் சுருக்கமாக 'கங்க்ஸ்' என்பார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் பாறை ஏற்றம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று. வசந்த காலத்தில் அங்கே போனீர்கள் என்றால், பாறையின் ஒரு பகுதிக்குக் கீழே ஓர் அறிவிப்பு வைத்திருப்பார்கள்: வல்லூறு கூடு கட்டியிருக்கிறது, இங்கே ஏற வேண்டாம். அதிகாலையில் எழுந்து, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, கயிறும் மூட்டையுமாக வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு பாறையின் வேறு பகுதிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அந்த அறிவிப்பை வைத்தது அரசாங்கம் இல்லை. மோஹாங்க் பிரிசர்வ் என்கிற லாப நோக்கற்ற அமைப்பு. சுமார் 8,000 ஏக்கர், அதாவது 32 சதுர கிலோமீட்டர் மலையும் காடும் அதன் பொறுப்பில் இருக்கிறது. நமக்கு இது கொஞ்சம் புதிது, ஏனென்றால் நம் ஊரில் காடு என்றால் பெரும்பாலும் வனத்துறைதான். ஒரு தனி அமைப்பு தன் பெயரில் இவ்வளவு காட்டை வைத்துக்கொண்டு, அதைக் கெடாமலும் காத்து, ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை உள்ளேயும் விடுகிறது என்றால் அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மோஹாங்கை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இந்த விஷயத்தில் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாமே அந்த ஒரே மலையில் கிடைக்கின்றன.

முதலில் நிலம் எப்படிச் சேர்ந்தது என்று பார்ப்போம். 1869ல், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஸ்மைலி குடும்பத்தின் ஆல்பர்ட், ஆல்ஃபிரட் என்ற இரட்டைச் சகோதரர்கள் இந்த மலைமேல் இருந்த ஓர் ஏரியைப் பார்த்து மயங்கினார்கள். ஆல்பர்ட் அந்த ஏரியையும் சுற்றியுள்ள நிலத்தையும் வாங்கி விடுதி நடத்த ஆரம்பித்தார். அக்கம்பக்கத்து நிலங்கள் விலைக்கு வரவர வாங்கிச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை என்று போனதும் ஆயிரக்கணக்கான ஏக்கர் ஆகிவிட்டது. ஒரு விடுதியின் வருமானத்தில் அவ்வளவு நிலத்தையும் என்றென்றைக்கும் காப்பாற்ற முடியாது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வரும் யாராவது ஒருவர் விற்றுவிட்டால் கதை முடிந்தது. அதனால் 1963ல் மோஹாங்க் டிரஸ்ட் என்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, விடுதியைச் சுற்றியுள்ள காட்டை மெல்ல மெல்ல அதன் கைக்கு மாற்றினார்கள். 1978ல் அதன் பெயர் மோஹாங்க் பிரிசர்வ் என்று ஆனது. விடுதி இன்றும் இருக்கிறது, ஆனால் அது தனி, இது தனி.

லாப நோக்கற்றது என்றால் பணமே வாங்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பணம் வாங்கலாம், மிச்சமும் பிடிக்கலாம், ஆனால் அந்த மிச்சத்தை யாரும் பங்கு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. காட்டுக்கே திரும்பப் போட வேண்டும். மோஹாங்குக்குப் பணம் வருவது நுழைவுக் கட்டணம், ஆண்டு உறுப்பினர் சந்தா, நன்கொடை, ஒதுக்கி வைத்த வைப்புநிதி ஆகியவற்றிலிருந்து. இதில் முதல் இரண்டையும் கொடுப்பது யார் என்று பாருங்கள். அங்கே நடக்க வருகிறவர்கள், ஏற வருகிறவர்கள், சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள். ஆட்கள் வருவது காட்டுக்குத் தொல்லைதான், ஆனால் அந்த ஆட்கள் வரவில்லை என்றால் காட்டைக் காக்கிறவருக்குச் சம்பளம் இல்லை.

பணம் மட்டும் இல்லை, சட்டத்திலும் இதற்கு ஒரு வேர் இருக்கிறது. அமெரிக்காவில் உள்ளூர்ப் பள்ளிக்கூடமும் சாலையும் பெருமளவு சொத்து வரியில் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு வரி விலக்கு கொடுத்தால் ஊருக்கு வருமானம் குறையும். மோஹாங்க் நிலத்தில் ஒரு பகுதி கார்டினர் என்ற ஊர் எல்லைக்குள் வருகிறது, அந்த ஊர் வரி போட்டது. காட்டைக் காட்டாக விட்டு வைப்பது ஒரு தர்ம காரியமா, அதற்கு விலக்கு உண்டா என்ற கேள்வி நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. 1979ல் டிரஸ்ட் பக்கம் தீர்ப்பு வந்தது. நிலம் இயற்கையாகக் காக்கப்படுவதும், வியாபாரமாக்காமல் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதும் பொது நலன்தான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இந்தத் தீர்ப்புதான் நல்ல நுழைவாயில். வேலி போட்டுப் பூட்டி, பத்துப் பேர் மட்டும் அனுபவிக்கிற காடாக இருந்திருந்தால், ஊர்க்காரர்கள் 'உங்கள் தோட்டத்துக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும்' என்று கேட்பது நியாயமாகியிருக்கும்.

சரி, ஆட்கள் வந்தால் அப்படி என்னதான் கெட்டுப்போகும்? நடப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். மலைமேல் மண் ரொம்ப மெல்லியது, சில இடங்களில் பாறைமேல் ஒரு விரல் கனத்துக்குத்தான் இருக்கும். செருப்புக் கால் பட்டதும் முதலில் மேலே கிடக்கும் இலைச்சருகு நொறுங்கி விலகும். அடுத்து மண் இறுகும். இறுகிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது, அதனால் மழை பெய்தால் பாதைமேலேயே ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும், வேர் வெளியே தெரியும். பாதை சேறானதும் நாம் என்ன செய்வோம்? சேற்றைச் சுற்றி ஓரமாகப் போவோம். அடுத்தவர் இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போவார். இரண்டடிப் பாதை இப்படித்தான் பத்தடி ஆகிறது. யாருமே கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை.

இங்கேதான் புதிதாகப் படிக்கிற யாரும் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் வருகிறது. நூறு பேர் நடந்தால் நூறு பங்கு சேதம், ஆயிரம் பேர் நடந்தால் ஆயிரம் பங்கு என்று மனசு கணக்குப் போடும். உண்மை அப்படி இல்லை. யாருமே நடக்காத தரையில் முதலில் நடக்கிற சில பேர்தான் பெரும்பாலான சேதத்தைச் செய்துவிடுகிறார்கள். செடி மிதிபட்டு, மண் இறுகி, அங்கே ஒரு தடம் விழுந்த பிறகு, அதே தடத்தில் இன்னும் ஆயிரம் பேர் நடந்தாலும் கூடுதல் சேதம் அந்த அளவுக்கு இருக்காது. அதனால் கூட்டத்தைக் காடு முழுக்கப் பரப்பி விட்டால் பாரம் குறையும் என்று நினைப்பது தப்பு. பரப்பினால் எல்லா இடத்திலும் அந்த முதல் சேதம் நடக்கும். சில பாதைகளை நன்றாகக் கெட்டிப்படுத்தி, கூட்டம் மொத்தத்தையும் அவற்றிலேயே நடக்க விட்டு, மீதிக் காட்டை விட்டுவிடுவதுதான் சரியான வழி. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால் பலருக்கு எரிச்சல் வரும், 'நான் ஒருத்தன் இறங்கினால் என்ன' என்று. அந்த ஒருத்தர்தான் முக்கியம் என்பதுதான் இங்கே உள்ள அறிவியல்.

மோஹாங்குக்கு இதில் ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. விடுதி விருந்தினர்கள் குதிரை வண்டியில் உலா போவதற்காக, 1870களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஸ்மைலி குடும்பம் பாதைகளைப் போட்டுக்கொண்டே இருந்தது. மலைச்சரிவை வெட்டி, கல்லால் தாங்குசுவர் கட்டி, தண்ணீர் குறுக்கே கடக்க மதகு வைத்து, மேலே களிப்பாறைச் சில்லைப் பரப்பி அமுக்கிய பாதைகள். அவை மோட்டார் வண்டிக்கானவை இல்லை, ஒற்றையடிப் பாதையும் இல்லை, நடுத்தரமான அகலம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பாதைகள்தான் கூட்டத்தில் பெரும்பங்கைத் தாங்குகின்றன. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள், ஓடுகிறவர்கள், சைக்கிள்காரர்கள், பனிக்காலத்தில் சறுக்குக் கட்டை மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான். டிராப்ஸ் என்ற பெரிய பாறைச்சுவருக்கு நேர் கீழே போகிற பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கும். ஆனால் பாதையை விட்டுச் சரிவில் சற்றுத் தூரம் உள்ளே பார்த்தால் பெரணிகள் மிதிபடாமல் நிற்கும்.

அந்தப் பாதைகளுக்குப் பராமரிப்புச் செலவு உண்டு, அது யார் கண்ணுக்கும் தெரியாத செலவு. ஒரு மதகில் இலை அடைத்துக்கொண்டால் ஒரே மழையில் பாதை அறுந்து போகும். நன்கொடை கேட்டு 'இந்த மலையை வாங்கப் போகிறோம்' என்றால் மக்கள் கொடுப்பார்கள், 'மதகைச் சுத்தம் செய்யப் போகிறோம்' என்றால் மனசு இளகாது. நிலத்தை வாங்குவதைவிட அதை ஐம்பது வருஷம் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம் என்று இந்தத் துறையில் இருக்கிறவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அப்புறம், எத்தனை பேரை விடுவது? ஒரு காடு இத்தனை பேரைத்தான் தாங்கும் என்று ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அப்படி ஒற்றை எண் கிடையாது, ஏனென்றால் ஐம்பது பேர் பாதையில் நடப்பதும் ஐந்து பேர் பாதையில்லாத சதுப்பில் நடப்பதும் ஒன்றில்லை. அதனால் நடைமுறையில் பல இடங்களில் அந்த எண்ணைத் தீர்மானிப்பது கார் நிறுத்துமிடம்தான். இத்தனை கார் நிற்க இடம், அது நிரம்பினால் வாசலை மூடுவார்கள், ஒரு கார் வெளியே போனால்தான் அடுத்தது உள்ளே. 'இவ்வளவு பெரிய மலை, இன்னும் கொஞ்சம் இடத்தை வெட்டி விடக் கூடாதா' என்று வாசலில் காத்திருக்கும் எல்லோருக்கும் தோன்றும். வெட்டி விட முடியும்தான். ஆனால் நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கினால் அதற்குப் பின்னால் உள்ள பாதை, கழிப்பறை, காவலர் எண்ணிக்கை எல்லாம் அதே அளவுக்குப் பெரிதாக வேண்டும். நிறுத்துமிடத்தின் அளவு என்பது காட்டைப் பற்றிய ஒரு முடிவு. நியூஜெர்சியிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் இலை நிறம் மாறுகிற அக்டோபர் சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு அங்கே போகிற நம்மவர்கள் நிறையப் பேர் உண்டு. காலை சீக்கிரம் போங்கள், இல்லாவிட்டால் வார நாளில் போங்கள்.

கட்டணம் பற்றி எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் பாதி சொன்னதாகிவிடும். பொது நலனுக்கான காடு என்று சொல்லிவிட்டு, நான்கு பேர் கொண்ட குடும்பம் உள்ளே போகக் கணிசமாகச் செலவு ஆகும் என்றால், வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வருமானக் கூட்டமாகப் போய்விடும் ஆபத்து உண்டு. பணம் கொடுக்க முடியாதவருக்கும் அந்த மலை சொந்தம்தான் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டில் வைத்துப் பாடம் நடத்துவது மோஹாங்கின் பழைய வேலைகளில் ஒன்று, அது நல்ல வழி. இப்போது நியூ பால்ட்ஸ் ஊருக்குள்ளிருந்து மலையடிவாரம் வரை கார் இல்லாமல் நடந்தோ சைக்கிளிலோ வர, விளைநிலங்கள் வழியாக ஒரு பாதையும் இருக்கிறது. நிலங்களை வாங்கிக் காக்கும் இன்னொரு லாப நோக்கற்ற அமைப்பு போட்ட பாதை அது. ஆனாலும் கட்டணம் என்ற கேள்வி முழுதாகத் தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பாறை ஏறுகிறவர்களின் கதை தனி. ஜெர்மனியில் பிறந்த ஃபிரிட்ஸ் வீஸ்னர் என்ற மலையேறி, 1935ல் ஹட்சன் ஆற்றுப் பக்கம் ஒரு குன்றில் இருந்தபோது தூரத்தில் இந்த வெள்ளைப் பாறையைப் பார்த்துவிட்டுத் தேடி வந்தார். அன்றிலிருந்து இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏறுவழிகள் அந்தப் பாறையில் உருவாகியிருக்கின்றன. படிகக் கூழாங்கற்கள் இறுகி உண்டான பாறை, அவ்வளவு உறுதி; ஒரு காலத்தில் இதில்தான் மாவு ஆலைக்குத் திரிகைக்கல் கொத்தினார்கள். அந்தக் கல்லையே மனிதர்கள் தேய்த்துக்காட்டினார்கள். ஆரம்பத்தில் ஏறுகிறவர்கள் விழாமல் இருக்கப் பாறை வெடிப்பில் பிட்டான் என்ற இரும்பு ஆணியைச் சுத்தியலால் அடித்து, கயிறைக் கோத்து, கடைசியாக வருகிறவர் அதை அடித்து அடித்துப் பிடுங்கிக்கொண்டு போவார். அடுத்த குழு அதே வெடிப்பில் மறுபடி அடிக்கும். வெடிப்புகள் சிதைந்து அகலமாகிக்கொண்டே போயின.

1970களின் தொடக்கத்தில் இது மாறியது, அதுவும் உள்ளேயிருந்தே மாறியது. ஜான் ஸ்டானர்ட் என்ற திறமையான ஏறுநர் சுத்தியலே வேண்டாம், வெடிப்பில் கையால் செருகி, திரும்பக் கையாலேயே எடுத்துவிடக்கூடிய உலோக ஆப்புகளை வைத்தே ஏறலாம் என்று செய்து காட்டினார், மற்றவர்களிடம் விடாமல் பேசினார், அதற்காகச் சிறு செய்தி இதழே நடத்தினார். மேலே நின்று உத்தரவு போட்டிருந்தால் அது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்தை நேசிக்கிற ஒருவர், அதே கயிற்றைப் பிடிக்கிற இன்னொருவரிடம் சொல்லும்போது அது கேட்கப்படுகிறது. இன்றைக்கு அங்கே யாரும் தன் இஷ்டத்துக்குப் பாறையைத் துளைத்துப் போல்ட்டு அடிக்க முடியாது. ஏறுகிறவர்களின் அமைப்புகளே நிர்வாகத்தோடு சேர்ந்து பாறையடியில் மண் அரிக்காமல் கல் படி அமைக்கிற வேலைக்கு வருகின்றன.

இப்போது அந்த வல்லூறுக்குத் திரும்பி வருவோம். பொரி வல்லூறு செங்குத்துப் பாறையில்தான் முட்டையிடும், கூடு என்று பெரிதாகக் கட்டுவதுகூட இல்லை, பாறைத் திண்ணையில் மண்ணைக் கொஞ்சம் பறித்துக்கொள்ளும். டி.டி.டி. பூச்சிமருந்து உணவுச் சங்கிலி வழியாகத் தாயின் உடலில் ஏறி முட்டை ஓட்டை மெல்லியதாக்கியதால், அடைகாக்கும்போதே முட்டை உடைந்தது. 1960களின் நடுவில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இந்தப் பறவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதே நின்றுபோனது. 1972ல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்தது. கூண்டில் வளர்த்த குஞ்சுகளைப் பல இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். ஷவாங்கங்க் பாறைக்கு அது தானாகத் திரும்பி வந்து கூடமைத்தது 1998ல், அதாவது 1950களுக்குப் பிறகு முதல் முறையாக.

அது திரும்பி வந்த பாறை, நாடே ஏற வருகிற பாறை. மொத்தப் பாறையையும் மூடியிருக்கலாம், அல்லது பறவை பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருக்கலாம். இரண்டுமே செய்யவில்லை. குளிர்காலம் முடியும்போது பறவைகள் எந்தத் திண்ணையைப் பார்க்கின்றன என்று ஆட்கள் தொலைநோக்கியோடு கவனிக்கிறார்கள். சந்தேகமுள்ள பகுதியை மூடுகிறார்கள், கூடு எங்கே என்று உறுதியானதும் தேவையில்லாத பகுதியைத் திறந்துவிடுகிறார்கள். அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம், குஞ்சு பறக்க இன்னும் ஆறு வாரம், அவ்வளவுதான். வருஷம் முழுக்க மூடத் தேவையில்லை. எங்கே என்பதோடு எப்போது என்ற கேள்வியையும் கேட்டுக்கொண்டால், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பாறை போதும். காவலுக்கு ஆள் போட்டு இதைச் சாதிக்க முடியாது, அத்தனை ஆளும் கிடையாது. ஏறுகிறவர்கள் மதிக்கிறார்கள், அதனால் நடக்கிறது.

இப்படித் துல்லியமாக முடிவெடுக்க, முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். மோஹாங்கில் 1896 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து நாள்தோறும் வெப்பமும் மழையும் குறிக்கப்பட்டு வருகின்றன, அதே இடத்தில். ஸ்மைலி குடும்பத்தின் பின்தலைமுறையில் வந்த டேனியல் ஸ்மைலி என்ற இயற்கை ஆர்வலர் 1989ல் இறக்கும்வரை, எந்தப் பூ எந்த நாளில் பூத்தது, எந்தப் பறவை எந்த நாளில் வந்தது என்று ஆயிரக்கணக்கான அட்டைகளில் எழுதி வைத்தார். வசந்தத்தில் தேங்கிக் கோடையில் வற்றிவிடும் சிறு குட்டைகளைக்கூட விடவில்லை. பல்லி போலத் தெரியும், ஆனால் தவளை இனத்துக்கு நெருக்கமான சாலமாண்டர்கள் முட்டையிடுவது அங்கேதான். இன்றைக்கு அந்தக் குட்டைகளையும் பறவைகளையும் எண்ணுவதில் தன்னார்வலர்கள் பெரும்பங்கு எடுக்கிறார்கள். இந்தப் பதிவுகள் இல்லை என்றால், ஓர் உயிர் குறைந்துபோனது கூட்டத்தாலா, வெப்பத்தாலா, வேறு நோயாலா என்று சொல்ல வழியே இல்லை, எல்லாப் பழியும் நடக்க வந்தவர் தலையில் விழும் அல்லது யார் தலையிலும் விழாது.

இந்த மலை வேறு விதமாகப் போயிருக்கக் கூடும் என்பதற்குப் பக்கத்திலேயே உள்ள மின்னவாஸ்கா என்ற ஏரி உதாரணம். ஸ்மைலி சகோதரர்களில் ஆல்ஃபிரட் அங்கே தனியாக விடுதி கட்டினார், அந்தச் சொத்து பின்னால் கை மாறியது. 1980 வாக்கில் அங்கே ஏரிக்கரையில் பெரிய ஓட்டலும் குடியிருப்புகளும் கோல்ஃப் மைதானமும் கட்ட மாரியட் நிறுவனம் திட்டம் போட்டது. உள்ளூர் மக்கள் பல வருஷம் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது, 1987ல் மாநில அரசு நிலத்தை வாங்கியது, இப்போது அது அரசுப் பூங்கா. எதிர்த்தவர்களுக்கு அந்த ஏரி ஏன் அவ்வளவு முக்கியமாகப் பட்டது? அவர்கள் அங்கே நடந்திருக்கிறார்கள், நீந்தியிருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். கால் படாத காட்டுக்காகத் தெருவில் இறங்குகிறவர்கள் குறைவு.

அதனால் உங்கள் பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருந்து, அது நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்பினால், நுழைவாயில் அழகைப் பார்க்காதீர்கள். எதை மூடி வைத்திருக்கிறார்கள், எந்த மாதத்தில், ஏன் என்று கேளுங்கள். யார் எதை எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். புதுப் பாதை வேண்டும் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அப்படியே, பாதையோரத்தில் ஆட்கள் குறுக்குவழியாகப் போட்ட தடங்கள் இருக்கும், அவற்றின் வாயில் காய்ந்த கிளைகளை இழுத்துப் போட்டு மூடியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். மண் மறுபடி இளக வருஷக்கணக்கில் ஆகும், சில இடங்களில் ஒரு தலைமுறைகூட ஆகும், அதுவரை அங்கே ஒரு தடம் இருந்ததே அடுத்து வருகிறவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது.